அம்பை 16 விதையும் முறைப்பாசனத்துக்கு யோசனையும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டை, புளியரைப் பக்கம் குளத்துப் பாசனத்தில் கார் நெல் போடும் சிறு விவசாயிகள் சேர்ந்து கேட்கிறோம்.

20 ஏக்கருக்கு அம்பை 16 என்ற நெல் ரகத்தின் விதை வேண்டும். ஏக்கருக்கு 24 கிலோ வீதம் 480 கிலோ. நீல அட்டை கட்டிய சான்று விதையாக இருக்கணும். எடுத்துவைத்த நெல்லையே வருஷா வருஷம் விதைத்தால் கலப்பு ஏறி, கதிர் ஒன்றுபோல் முற்றாது. உப்புக் கரைசலில் பதர் நீக்குவதையும் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நன்மை பாக்டீரியா) கலப்பதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பெரிய சிக்கல் தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் விட, நீர்மட்டம் பார்க்க 30 செ.மீ. பிவிசி குழாயில் கீழ் 20 செ.மீ.க்குத் துளையிட்டுப் பதித்து, உள்மண்ணை அள்ளிவிடுகிறோம். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால், வயலில் 5 செ.மீ. தண்ணீர் கட்டணும். ஆனால் முறைத்தண்ணீர் 8 நாளுக்கு ஒருதரம்தான். அதற்குள் கடைமடை வெடித்துவிடுகிறது. பிறகு விடும் நீர் வெடிப்பு வழியே இறங்கி வீணாகிறது. தனி வாய்க்காலும் இல்லை, வயலுக்கு வயல்தான் பாய்ச்சல். பூக்கும் சமயத்தில் இப்படிக் காய்ந்தால் கதிர் பதராகிவிடும்.

கடைமடைக்கு முதல் முறை கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? 10 செ.மீ. இறங்கும்போதே பாய்ச்சினால் வெடிப்பு நிற்குமா? விதை இருக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்; நாற்றங்கால் நாள் நெருங்குகிறது.