ஒரே 7400 ஐ.சி.யில் அரைக்கூட்டி: கேரிக்கு ஐந்தாவது கேட் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முதலாண்டு படிக்கிறேன். அரைக்கூட்டி (0 அல்லது 1 ஆன இரண்டு எண்களைக் கூட்டும் சுற்று) செய்ய, பிரெட்போர்டில் 74ஹெச்.சி.00 ஐ.சி. (7400-இன் ஒரு வகை) ஒன்றைச் செருகி, 14-ஆவது காலுக்கு 5 வோல்ட்டும் 7-ஆவது காலுக்குக் கிரவுண்டும் கொடுத்து, உள்ளே இருக்கும் நான்கு நேண்ட் கேட்டுகளையும் (இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டும் 0 தருபவை) இணைத்து எக்ஸார் (உள்ளீடுகள் வேறுபட்டால் மட்டும் 1 தருவது, அதுவே கூட்டல் விடை) அமைத்திருக்கிறேன். இரண்டு ஸ்விட்சுகளும் அணைந்திருக்கும்போதே கூட்டலுக்கான எல்.இ.டி. சில நேரம் எரிகிறது. வயருக்கு அருகே விரலைக் கொண்டுபோனால் மினுக்குகிறது. தவிர, நான்கு கேட்டுகளும் தீர்ந்துவிட்டதால் கேரிக்கு (1-உடன் 1-ஐக் கூட்டும்போது அடுத்த இடத்துக்குப் போகும் 1) கேட் இல்லை. இன்னொரு ஐ.சி. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

மறுமொழி 1:
தம்பி, ஸ்விட்சை அணைத்தால் உள்ளீடு 0 ஆவதில்லை. எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. ஹெச்.சி. வகை ஐ.சி.யின் உள்ளீடு ஏறத்தாழ மின்னோட்டமே இழுக்காது என்பதால், விரலிலிருந்து வரும் சிறு மின்னேற்றம்கூட அதை 0-விலிருந்து 1-க்குத் தள்ளிவிடும். ஒவ்வோர் உள்ளீட்டையும் 10 கிலோ ஓம் மின்தடை வழியாகக் கிரவுண்டுடன் இணையுங்கள். ஸ்விட்சைப் போடும்போது அதன் வழியே அரை மில்லி ஆம்பியர்தான் ஓடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது ஹெச்.சி.க்குச் சரி. ஆனால் ஆய்வகத்தில் 74எல்.எஸ்.00 (7400-இன் இன்னொரு வகை) கொடுத்தால் இதே இணைப்பு காலை வாரிவிடும். எல்.எஸ். உள்ளீட்டை 0-வில் வைக்க, அதிலிருந்து வெளியே வரும் 0.4 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்குக் கடத்த வேண்டும், உள்ளீடும் 0.8 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 10 கிலோ ஓமில் அது நடக்காது. அங்கே மின்தடையை 5 வோல்ட் பக்கமும் ஸ்விட்சைக் கிரவுண்டு பக்கமும் வைப்பதே வழக்கம்.

கேரிக்கு வருவோம். எக்ஸாரின் முதல் நேண்ட் கேட்டை மட்டும் தனியே பாருங்கள். இரண்டு உள்ளீடுகளும் 1 ஆகும்போது மட்டுமே அதன் வெளியீடு 0 ஆகிறது. அதாவது தலைகீழான கேரி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. எல்.இ.டி.யின் நேர்முனையை 1 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுடனும், எதிர்முனையை அந்த வெளியீட்டுடனும் இணைத்தால், வெளியீடு 0 ஆகும்போது விளக்கு எரியும். வேறு கேட் தேவையில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. 10 கிலோ ஓம் போட்டதும் மினுக்கல் நின்றுவிட்டது. இரண்டு ஸ்விட்சுகளையும் போட்டால் கூட்டல் விளக்கு அணைந்து கேரி விளக்கு எரிகிறது. முழுக்கூட்டி (முந்தைய இடத்துக் கேரியையும் சேர்த்துக் கூட்டும் சுற்று) அமைக்கும்போது விளக்கை வைத்துச் சமாளிக்க முடியாதே, அப்போது கேரியைத் தலைகீழாக்க ஒரு கேட் வேண்டாமா?

மறுமொழி 2:
வேண்டாம். இரண்டு எக்ஸார்களுக்கு எட்டு நேண்ட் கேட்டுகள் போகும். அவை ஒவ்வொன்றின் முதல் கேட்டும் தரும் தலைகீழ்க் கேரிகள் இரண்டையும் அப்படியே ஒன்பதாவது நேண்டுக்குக் கொடுங்கள். அதன் வெளியீடு நேரான கேரியாகவே வரும். அந்த ஒன்பதாவது கேட்டுக்காக மூன்றாவது ஐ.சி. வாங்க வேண்டியிருக்கும், அதில்தான் தப்ப வழியில்லை.