ஓட்டு வீட்டு ஃபால்ஸ் சீலிங் மேல் கிளாஸ் உல்: டவுன்லைட்டை என்ன செய்வது?

பள்ளத்தூர் பேரன்:
ஊரில் எங்கள் பழைய வீட்டில், இரண்டாம் கட்டு அறைக்கு மேலே நாட்டு ஓடு. அதற்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். அப்பத்தா படுக்கிற அறை அது. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் அனல் தாங்கவில்லை. மேலே கிளாஸ் உல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரிக்கலாம் என்று நினைக்கிறேன். சீலிங் போட்டவர் தெர்மாகோலே போதும் என்கிறார். சீலிங்கில் ஓட்டை போட்டுப் பதித்த டவுன்லைட் ஆறு உண்டு. நான்கு எல்இடி, இரண்டு பழைய ஹாலஜன். அவற்றையும் சேர்த்து மூடிவிடலாமா?

தேவகோட்டை வயர்மேன்:
மூடவே கூடாது தம்பி. 50 வாட்ஸ் ஹாலஜன் கிட்டத்தட்ட முழு மின்சாரத்தையும் சூடாகத்தான் தள்ளும். அந்தச் சூடு மேலே போக வழியில்லாவிட்டால் ஹோல்டர் கருகும், வயரின் பிவிசி உறை மொரமொரவென்று உதிரும். முதலில் அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள். எல்இடிக்கும் முதுகில் சூடு உண்டு. மூடினால் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) சீக்கிரம் போய்விடும்.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். பிவிசி வயர் அதன்மேல் படிந்து கிடந்தால் வயருக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசை தெர்மாகோலுக்கு இறங்கி, உறை விறைத்து வெடிக்கும். கிளாஸ் உல், ராக் உல் (பாறை இழைப் பஞ்சு) இழை எரியாது. ஆனால் தாள் ஒட்டி வருகிற ரகத்தில் அந்தத் தாள் எரியும். தாள் இல்லாததாக வாங்குங்கள்.

விளக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 அங்குலம் காலியாக இருக்கட்டும். கையால் ஒதுக்கி வைத்தால் நிற்காது, அணிலோ எலியோ இழுத்துப் போடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை வளையமாக மடித்து நிறுத்துங்கள். 4 அங்குல விளக்குக்கு 10 அங்குல அகலம். உல்லைவிட ஒரு சாண் உயரம், மேலே திறந்தே இருக்க வேண்டும். டிரைவரும் வளையத்துக்குள்ளேயே இருக்கட்டும். வயரை உல்லுக்கு அடியில் புதைக்காமல் கைமரத்தில் கிளிப் அடித்துத் தூக்கிவிடுங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் எல்லாவற்றையும் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். இறவாரத்தில் காற்று வரும் இடைவெளியை அடைத்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர் பேரன்:
நன்றி அண்ணே. எல்இடியின் மேல் விளக்குப் படம் போட்டு, அதன்மேல் போர்வை மாதிரி வரைந்து, குறுக்கே கோடு அடித்திருக்கிறது. இதுதானா?

தேவகோட்டை வயர்மேன்:
அதேதான். மேலே எதையும் போர்த்தக் கூடாது என்று அர்த்தம். போர்த்தலாம் என்றே தயாரிக்கும் விளக்கும் உண்டு. அட்டையில் ‘ஐசி’ என்று இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால்தான் தேடி எடுப்பார்கள்.

கானாடுகாத்தான் மருமகள்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் விளக்குக்கு ஒரு வளையம் என்றால் அத்தனை இடத்திலும் அனல் இறங்கும் ஓட்டை. எங்கள் வீட்டில் டவுன்லைட்டை எடுத்துவிட்டு, ஓட்டையை ஜிப்சம் துண்டால் அடைத்து, சீலிங்கின் கீழ்ப்பக்கம் ஒட்டினாற்போல் பேனல் லைட் மாட்டினோம். டிரைவரும் லைட்டுக்குள்ளேயே இருக்கிறது. உல் இடைவெளி இல்லாமல் விரிந்தது. படுக்கிற அறைக்கு இரண்டு லைட் தாராளம்.

தேவகோட்டை வயர்மேன்:
ஆச்சி சொல்கிற வழி இன்னும் நல்லது. செலவு ஒத்துவந்தால் அதையே செய்யுங்கள். எதுவானாலும் மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு ஏறுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் கட்டாயம். காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், ஓடு காய்ந்தபிறகு அங்கே உட்கார முடியாது.