தினமும் சவரம் செய்தாக வேண்டிய வேலை. கழுத்தில் மட்டும் எரிச்சலும் பருக்களும் ஏன் வருகின்றன?

முகப்புமேசை (கேள்வி):

வணக்கம். எனக்கு வயது 24. கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு, 5 மாதங்களாகச் சென்னையில் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். மீசை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாள் தாடிகூட முகத்தில் தெரியக்கூடாது என்பது அங்கே விதி. கல்லூரிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை சவரம் செய்துகொண்டிருந்தவன், இப்போது வாரத்தில் 6 நாள் செய்கிறேன்.

கன்னத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. தாடைக்குக் கீழே, குரல்வளை மேட்டின் இரு பக்கமும்தான் சவரம் முடிந்த அரை மணி நேரத்தில் எரியத் தொடங்குகிறது. மறுநாள் அதே இடத்தில் கடுகளவு சிவப்புப் புடைப்புகள் எழுகின்றன. அவற்றின் மேலேயே மீண்டும் பிளேடு ஓடுவதால் சில கிழிந்து இரத்தம் கசிகிறது. சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக் கழுத்துப்பட்டையும் கட்டிக்கொண்டு 9 மணி நேரம் நிற்கும்போது, காலர் உரசி, வியர்வையும் சேர்ந்து, விருந்தினர் முன்னால் கழுத்தைச் சொறியாமல் இருப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. போன வாரம் வெள்ளைக் காலரில் இரத்தப் புள்ளி இருந்ததற்காக மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கினேன்.

5 பிளேடு கொண்ட விலை உயர்ந்த ரேசருக்கு மாறிப் பார்த்தேன்; முன்பைவிட மோசமாகத்தான் ஆனது. கற்றாழைச் சாறும் தடவிப் பார்த்துவிட்டேன். வேலையை விடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மருந்துக்கடை:

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. அதை மனத்தில் கொண்டு படியுங்கள். நீங்கள் ஒன்றாகச் சொல்லும் எரிச்சலும் புடைப்பும் இரண்டு வேறு தொல்லைகள். பிளேடு தோலின் மேலடுக்கைச் சுரண்டுவதால் வரும் எரிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். புடைப்போ, வெட்டப்பட்ட முடி வளைந்து திரும்பித் தோலுக்குள் குத்துவதால் வருவதாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், அரிதாகப் பூஞ்சையாகவும் இருக்கலாம். ஆகவே இதைப் பார்த்துச் சொல்லுங்கள்: உங்கள் தாடி முடி சுருளா, நேரா? புடைப்பின் நடுவில் முடி தெரிகிறதா, சீழ் தெரிகிறதா? வட்டமாகப் பரவி ஓரம் செதில் விடுகிறதா? சவரம் செய்யாத நாளில் குறைகிறதா?

முகப்புமேசை:

கைப்பேசி விளக்கை அடித்துக் கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். முடி நன்றாகச் சுருண்டது. 5, 6 புடைப்புகளில் தோலுக்கடியில் கறுப்பு நூல் வளையம் போல முடி மடங்கிக் கிடப்பது தெரிகிறது. ஒன்றில் முடியின் இரண்டு முனையும் உள்ளே இருக்க, நடுப்பகுதி மட்டும் கூடையின் கைப்பிடியைப் போல வெளியே வளைந்து நிற்கிறது. சீழ் இரண்டில் மட்டும் இருக்கிறது. செதில் எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய் 4 நாள் சவரம் செய்யாமல் இருந்தபோது பாதிக்கு மேல் குறைந்தது.

சீப்பும்கத்தியும்:

தம்பி, கூடைக் கைப்பிடி என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுவே விடை. சலூன் நாற்காலிக்குப் பின்னால் 30 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறேன். சுருள் முடிக்காரர்களின் கழுத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 5 பிளேடு ரேசரை எடுத்து வையுங்கள். அது நன்றாக மழிப்பதுதான் உங்களுக்குப் பகை. முன்னால் போகும் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே சுருங்கித் திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டுகிறது. வெட்டுண்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். நேர் முடியாக இருந்தால் வந்த வழியே வெளியே வரும். சுருள் முடி பக்கவாட்டில் வளைந்து, கூர் முனையால் மயிர்க்காலின் சுவரையே துளைத்துக்கொண்டு போகும். தோலைக் கையால் இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தாலும் இதே கதைதான். நாங்கள் கடையில் வழவழப்புக்காகச் செய்கிற வேலை அது, உங்களுக்கு ஆகாது. 1 பிளேடு மட்டும் பூட்டுகிற பழைய வகை ரேசர் போதும்.

இரண்டாவது செய்திதான் முக்கியம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மேலிருந்து கீழே இழுத்தால் முடியின் போக்கிலேயே போகிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கன்னத்தில் அது சரி. பலருக்குக் கழுத்தில் முடி கீழிருந்து மேலே வளர்கிறது. சிலருக்குக் காதை நோக்கிச் சாய்ந்தும், குரல்வளைக்குப் பக்கத்தில் சுழி போட்டும் வளர்கிறது. அங்கே மேலிருந்து கீழே இழுத்தால், தெரியாமலே தினமும் எதிர்ச்சவரம் செய்கிறீர்கள் என்று பொருள். 3 நாள் தாடியோடு இருக்கும்போது ஒரு பஞ்சை எடுத்துக் கழுத்தில் நான்கு திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். பஞ்சு எந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறதோ அது முடியின் போக்கு. எங்கே சிக்கி இழை விடுகிறதோ அது எதிர்ப்போக்கு. விரற்கடைக்கு விரற்கடை மாறக்கூடும் என்பதால், கழுத்தைத் தாளில் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருந்தாலும், என் மகனுக்கு அப்படித்தான் வரைந்து கொடுத்தேன்.

குளித்து முடித்த கையோடு சவரம் செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடமாவது ஊறிய முடி மென்மையாகி, குறைந்த விசையிலேயே அறுபடும். ரேசரின் எடையே போதும், அழுத்த வேண்டாம். ஒவ்வோர் இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள், நுரை போன இடத்தில் மறுபடி இழுக்காதீர்கள். 5 முதல் 7 சவரத்துக்கு மேல் ஒரு பிளேடை வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முடி தடித்ததாக இருந்தால் அதற்கும் முன்பே மழுங்கிவிடும்.

அனுபவசாலி:

இவ்வளவு யோசனை எதற்கு? சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை நன்றாகத் தேய்த்துவிட்டு, மருந்துக்கடையில் அரிப்புக்குக் கொடுக்கும் களிம்பை இரவில் தடவுங்கள். எனக்கு மூன்றே நாளில் சிவப்பு மறைந்தது. இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் தடவி வருகிறேன்.

மருந்துக்கடை:

நண்பரே, மூன்று நாளில் சிவப்பை மறைக்கும் அந்தக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அழற்சியை அது அமுக்கிவிடுவதால் குணமானதைப் போலத் தோன்றும். முடி உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் முகத்திலும் கழுத்திலும் தடவினால் தோல் மெலியும், பருக்கள் பெருகும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். அடியில் பூஞ்சை இருந்தால் அதன் உருவமே மாறி, மருத்துவருக்குக்கூட அடையாளம் தெரியாமல் போகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத இம்மருந்துகளைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருப்பதை மறைக்க மாட்டேன். இரண்டு ஆண்டுகள் என்கிறீர்கள். திடீரென்று நிறுத்திவிடாமல், களிம்புக் குழாயையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

படிகாரம் தவறில்லை, சிறு கீறலில் இரத்தத்தை நிறுத்தும். ஆனால் அது தோலை உலர்த்தி இறுக்கும் பொருள் என்பதால், புண்ணான கழுத்து முழுவதும் தினமும் தேய்த்தால் எரிச்சல் கூடும். சாராயம் கலந்த ஆஃப்டர் ஷேவும் அப்படித்தான். குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பு தடவினால் போதும்.

கேள்வி கேட்டவருக்கு: இப்போதிருக்கும் புடைப்புகள் ஆற வேண்டுமானால், பிளேடை மூன்று நான்கு வாரம் தொடாமல் இருப்பதுதான் நேர்வழி. முடி நீளும்போது வளையம் தானாக நிமிர்ந்து வெளியே வந்துவிடும். வெளியே தெரியும் வளையத்தைச் சுத்தமான ஊசியால் மெல்ல நெம்பி விடலாம். இடுக்கியால் வேரோடு பிடுங்கினால், புதிதாக முளைப்பது இன்னும் ஆழத்தில் தவறான வழியில் போகும். தாடி கூடவே கூடாது என்றால், 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டும் ட்ரிம்மரே அடுத்த வழி. தோல் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்க இராணுவத்திலேயே இந்தத் தொல்லைக்காகச் சவர விதியிலிருந்து மருத்துவ விலக்கு தந்திருக்கிறார்கள்.

ஆழ்துளை:

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள்: இப்போது தங்கியிருக்கும் அறையில் என்ன தண்ணீர்? சிறுவாணித் தண்ணீரில் சோப்பு போட்டுப் பழகியவருக்கு, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் நுரையே எழும்பாது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடுவதால், வழுக்க வேண்டிய பிளேடு பிசிறிக்கொண்டு போகும். ஒரு குவளைக் கேன் தண்ணீரைச் சூடாக்கி, பிரஷை அதில் நனைத்து நுரை எழுப்பிப் பாருங்கள். நானும் 4 ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். அறை நண்பர்கள் கேலி செய்வார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

முகப்புமேசை (5 வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். தோல் மருத்துவரும் முடி உள்நோக்கி வளர்வதுதான் என்றார். சீழ் வைத்த இரண்டுக்கு மட்டும் தடவ மருந்து எழுதிவிட்டு, 4 வாரம் பிளேடு கூடாது என்று சான்றும் தந்தார். மேலாளர் முதலில் மறுத்தார். பிறகு அந்த 4 வாரத்துக்கு அறை முன்பதிவுப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். முதல் வாரத்தில் அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. விட்டுவிடலாம் என்றுகூட எண்ணினேன். இரண்டாம் வார முடிவில் வளையங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின.

அண்ணா சொன்ன பஞ்சுச் சோதனையில் எனக்கு வியப்புதான் மிஞ்சியது. இடப் பக்கக் கழுத்தில் முடி கீழிருந்து மேலே வளர்கிறது. வலப் பக்கத்தில் காதை நோக்கிப் போகிறது. குரல்வளைக்கு இடப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு சுழி இருக்கிறது. 5 மாதமாக இந்த மூன்று இடத்திலும் மேலிருந்து கீழேதான் இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது 1 பிளேடு ரேசரும் கேன் தண்ணீர் நுரையுமாக, போக்கு பார்த்து ஒரே ஒரு முறை இழுக்கிறேன். சுழியை மட்டும் ட்ரிம்மரால் குறைத்துவிட்டு விட்டுவிடுகிறேன். காலருக்குக் கீழே இருப்பதால் மேற்பார்வையாளரின் கண்ணில் படவில்லை. இந்த வாரம் புதிதாக வந்தவை இரண்டே இரண்டு. காலையில் செய்ததை இரவுக்கு மாற்றியதால், காலர் உரசும் முன் தோலுக்கு 8 மணி நேரம் ஓய்வும் கிடைக்கிறது.

பழைய புடைப்புகள் இருந்த இடத்தில் கருமை நிற்கிறது. அதற்கு ஏதாவது தடவலாமா?

மருந்துக்கடை:

நம் நிறத்துத் தோலில் அந்தக் கருமை மங்க மாதங்கள் ஆகும். புதிய புடைப்பு எழாமல் இருப்பதும், பகலில் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் போடுவதுமே பாதி மருந்து. இரவில் தடவும் அடாபலீன் களிம்பு சிலருக்கு உதவும், ஆனால் தொடக்கத்தில் அதுவே எரிச்சல் தரக்கூடியது. மருத்துவரிடம் மீண்டும் போகும்போது கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். எந்தப் புடைப்பாவது கெட்டிப்பட்டுப் பெரிதாகிக்கொண்டே போனால், அது தழும்புக் கட்டியாக மாறுகிறது என்று கொண்டு, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.

சீப்பும்கத்தியும்:

தம்பி, முடி வெட்டிக்கொள்ளச் சலூனுக்குப் போகும்போது, பிடரியில் பிளேடு போட வேண்டாம், மெஷினாலேயே ஓரம் எடுத்துவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களைப் போன்ற முடிக்காரர்களுக்கு அங்கேயும் இதே தொல்லை வரும். அங்கே வந்தால் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.