நுண்துணைக்கோளா, சிற்றடுக்கா? ஆப்பிரிக்கக் கத்தரிக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆப்பிரிக்கக் கத்தரிகளின் மரபுப் பன்மையை டி.என்.ஏ. குறிப்பான்களால் (செடிக்குச் செடி வேறுபாட்டைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களால்) அளப்பது பற்றிய செய்முறைக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. வரைவில் 'மைக்ரோசாட்டிலைட்' (டி.என்.ஏ.வில் அடுக்கி வரும் குட்டி வரிசை) வரும் இடமெல்லாம் 'நுண்துணைக்கோள்' என்றிருக்கிறது. படிப்பவர் வானியல் என்றே நினைப்பார்.

பயிர், சொலானம் ஏத்தியோப்பிக்கம். காய்க்கு ஜிலோ, கீரைக்கு ஷும் (உகாண்டாவின் நக்காட்டி), காயும் இலையும் தரும் கும்பா, அழகுச்செடியாகவும் ஒட்டுக்கட்டும்போது அடியில் வைக்கும் வேர்ச்செடியாகவும் உதவும் அக்குலியேட்டம் என நான்கு குழுக்கள். இவை தமக்குள்ளும், காட்டு மூதாதையான சொலானம் அங்குவியுடனும் எளிதில் கலக்கும். எனவே இலையையும் காயையும் பார்த்து மட்டும் உறவு சொல்ல முடியாது, குறிப்பான் வேண்டும். சொல்லும் வேண்டும்.

மறுமொழி 1

> 'நுண்துணைக்கோள்' என்றிருக்கிறது

விட்டுவிடுங்கள் ஐயா. 1960களில் சீசியம் குளோரைடு கரைசலில் டி.என்.ஏ.வை மையவிலக்கியபோது, திரும்பத் திரும்ப வரும் சில வரிசைகள் முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் தனிப் பட்டையாக ஒதுங்கின. 'சாட்டிலைட்' அந்தப் பட்டைக்கு வைத்த பெயர். 1989இல் 'மைக்ரோ' சேர்த்துக் குட்டி வரிசைகளுக்கும் சூட்டினார்கள். இவையோ அப்படி ஒதுங்குவதே இல்லை. ஆங்கிலத்திலேயே ஒட்டாத உவமையை நாம் சுமப்பானேன்?

பொருள் இவ்வளவுதான்: 1 முதல் 6 காரங்கள் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி எழுத்துகள்) கொண்ட ஓர் அலகு இடைவெளியின்றி அடுக்கி வருகிறது. ஜிஏஜிஏஜிஏ என்று 15 முறை வரலாம். 'அடுக்குத்தொடர்' என்ற இலக்கணப் பெயர் கையிலேயே இருக்கிறதே.

மறுமொழி 2

அடுக்கு சரி, அடுக்குத்தொடர் வேண்டாம். நன்னூல் ஒரு சொல் நான்கு முறை வரைதான் அடுக்கும் என்று எல்லை கட்டிவிட்டது. இங்கே இருபதையும் தாண்டும். 'குற்றடுக்கு' புணர்ச்சிப்படி சரி, காதில் குற்றம் என்றே விழும். சிறுமை + அடுக்கு = சிற்றடுக்கு; சிற்றூர், சிற்றோடை போல.

கூட்டுச்சொல்லில் உடைகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஆர் (மைக்ரோசாட்டிலைட்டின் மறுபெயர்) மார்க்கர், சிற்றடுக்குக் குறிப்பான். இரண்டு சிற்றடுக்குகளின் நடுப்பகுதியைப் பெருக்கும் ஐஎஸ்எஸ்ஆர், சிற்றடுக்கிடைக் குறிப்பான். உடையவில்லை. இதைவிட நீண்ட அலகு அடுக்கும் மினிசாட்டிலைட் கையேட்டில் வராதவரை அதைத் தொட வேண்டாம்.

மறுமொழி 3

சிற்றடுக்குக்கு என் வாக்கும். ஆனால் வரிசைக்கும் குறிப்பானுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நம்மூர்க் கத்தரியான சொலானம் மெலாங்கெனாவுக்கு வடிவமைத்த பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளை)த்தான் பலரும் ஆப்பிரிக்கக் கத்தரிக்கும் எடுத்து ஓட்டுகிறார்கள். பிரைமர் ஒட்டுவது அடுக்கில் அல்ல, அதன் இருபுறப் பக்கவரிசையில். அங்கே, குறிப்பாக பிரைமரின் 3' முனை ஒட்டும் இடத்தில், ஒரு காரம் மாறியிருந்தாலே பெருக்கம் நின்றுபோகலாம். அடுக்கு இருக்கிறது, குறிப்பான் இல்லை. எதிருரு என்பது டி.என்.ஏ.வில் ஒரே இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவம். வரைவில் இதற்கு 'வெற்று எதிருரு' என்றிருக்கிறது. அது வெறுமையானதல்ல, நம் கண்ணுக்குப் படாதது. 'காணா எதிருரு' என்பேன்.

பெருகாததெல்லாம் காணா எதிருருவும் அல்ல. கத்தரி இலையில் பாலிஃபீனால் மிகுதி, டி.என்.ஏ. பழுப்பேறினால் பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) தடைபடும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க: இளந்தளிர் 100 மில்லிகிராம், 2% சிடிஏபி கரைசலில் 1–2% பிவிபி, 0.2% மெர்காப்டோஎத்தனால், 65 டிகிரி செல்சியஸில் 30–45 நிமிடம், பிறகு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1. டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8ஐ ஒட்டி வரட்டும். அதே டி.என்.ஏ.வில் வேறொரு பிரைமர் இணை வேலை செய்து, இது மட்டும் இணைவு வெப்பநிலையை (பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை) 3–5 டிகிரி குறைத்தும் வராவிட்டால்தான் காணா எதிருரு என்று குறிக்கலாம். இந்தப் பயிரில் தன்மகரந்தச் சேர்க்கையே அதிகம். ஏற்கெனவே குறைவான கலப்பினத்தன்மையை (ஒரே செடியில் இரு வேறு எதிருருக்கள் இருப்பதை) காணா எதிருரு இன்னும் குறைத்துக் காட்டிவிடும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியான பாலிமரேசு அடுக்கில் வழுக்கும்போது, துண்டுகளின் நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் ஓர் அலகு குறைந்த இடத்தில் சிறு முகடு எழும். இதற்குத் 'திக்கல் முகடு' பொருந்தும். இரண்டு கார அலகில் இது மிகுதி, மூன்று கார அலகில் குறைவு. புதியவர்கள் இதை இரண்டாவது எதிருரு என்று பதிந்துவிடுவார்கள். டாக் பாலிமரேசு கடைசியில் ஓர் 'ஏ' ஒட்டுவதால் வரும் ஒரு காரப் பிசகு வேறு. இறுதி நீட்சியை 72 டிகிரியில் 30 நிமிடமாவது வைத்தால் எல்லா இழைகளிலும் ஒரே சீராக ஒட்டிவிடும். இரண்டு கார வேறுபாட்டை 3% அகரோஸ் கூழில் படிக்கப் பார்ப்பது வீண்வேலை. 6% பாலிஅக்ரிலமைடு அல்லது நுண்குழாய் மின்பிரிப்பு வேண்டும்.

மறுமொழி 4

'காணா எதிருரு' நன்று. 'எதிருரு' இலங்கைப் பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டில் 'அல்லீல்' என்றே படிக்கிறார்கள். முதல் முறை 'அல்லீல் எனும் எதிருரு' என்று எழுதிவிட்டால் இருவருக்கும் புரியும்.

வரைவின் ஒரு வாக்கியத்தைச் சொல்லோடு கருத்தையும் திருத்த வேண்டும். 'ஆப்பிரிக்கக் கத்தரியில் பன்மை குறைவு' என்கிறது. மெலாங்கெனாவில் நன்றாக வேறுபட்டவை என்று பொறுக்கிய குறிப்பான்கள் அடுத்த இனத்தில் மந்தமாகத்தான் பேசும். இப்படி மாற்றலாம்: 'மெலாங்கெனாவிலிருந்து எடுத்த சிற்றடுக்குக் குறிப்பான்களில், ஏத்தியோப்பிக்கம் மாதிரிகள் குறைந்த எதிருருக்களையே காட்டின, இதை வைத்து இரண்டு இனங்களின் பன்மையை ஒப்பிடக் கூடாது.'

'திக்கல் முகடு' பற்றி மறுப்பிருந்தால் எழுதுங்கள்.