பீட்ரிக்ஸ் பாட்டர் கல்யாணத்துக்குப் பிறகு எழுதாமல் போனது ஏன்?

நிலாஅம்மா:

மகளோடு உட்கார்ந்து, குழந்தைகளுக்குப் படக்கதைகள் எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரின் சின்னப் புத்தகங்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக் கவனித்தேன். பீட்டர் முயல் கதை 1902இல் வருகிறது. அதிலிருந்து 1913 வரை வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று நிற்காமல் வருகின்றன. அப்புறம் அங்கொன்று இங்கொன்றுதான். அதே 1913 அக்டோபரில்தான் வில்லியம் ஹீலிஸ் என்ற வக்கீலைக் கல்யாணம் செய்திருக்கிறார். அப்போது அவருக்கு 47 வயது. 1943 வரை உயிரோடு இருந்திருக்கிறார். அந்த முப்பது வருடம் என்ன ஆனது? வீட்டுக்காரர் எழுத விடவில்லையா? என் அம்மா அருமையாகப் பாடுவார், கல்யாணத்தோடு எல்லாம் நின்றுபோனது. அதனால்தான் மனசு அந்தப் பக்கம் போகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபுத்தகம்:

ஹீலிஸ் தடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. பார்வை மங்கியது ஒரு முக்கியக் காரணம். அந்தப் படங்களின் அளவைப் பாருங்கள். முயலின் மீசை மயிர்வரை தூரிகையால் இழுத்திருப்பார். கண் ஒத்துழைக்காமல் அந்த வேலை நடக்காது. 1917இல் ஒரு புத்தகம் வந்ததே, அதுகூடப் பதிப்பகத்தைக் காப்பாற்றத்தான். அதை நடத்திய வார்ன் சகோதரர்களில் ஒருவர் மோசடி வழக்கில் கைதாகி, நிறுவனமே மூழ்கும் நிலை. பழைய படங்களை எடுத்துக் கொடுத்துக் கைதூக்கி விட்டார்.

மலைமேய்ச்சல்:

நிலாஅம்மா, நான் இங்கிலாந்தில் கம்ப்ரியா பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: அவரை யாரும் நிறுத்தவில்லை. அந்த முப்பது வருடமும் அவர் பண்ணை நடத்தினார், ஆடு வளர்த்தார். அதுதான் அவருக்குப் பிடித்த வாழ்க்கை.

லண்டன் வீட்டில் பெற்றோரின் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். பதிப்பாளர் நார்மன் வார்ன் 1905இல் கல்யாணத்துக்குக் கேட்டார், இவரும் சம்மதித்தார். வியாபாரக் குடும்பம் என்று பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. (அவர்கள் சொத்தே லங்காஷயர் பருத்தி வியாபாரத்தில் வந்ததுதான். எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.) ஒரே மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அந்த வருடமே, புத்தகத்தில் வந்த பணத்தோடு அத்தை விட்டுப்போன தொகையையும் சேர்த்து, எங்கள் பக்கத்து நியர் சாரி கிராமத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். 1909இல் இன்னொரு பண்ணை. அந்தப் பத்திரங்களைப் பார்த்துக்கொடுத்த உள்ளூர் வக்கீல்தான் ஹீலிஸ். நிலம் வாங்கப் போன இடத்தில் அமைந்த துணை அவர்.

அப்புறம் 1920களில் டிரௌட்பெக் பார்க் என்ற பெரிய மலைப் பண்ணையை வாங்கினார். அங்கே ஆடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு. ஈர நிலத்தில் சின்ன நத்தை வழியாகப் பரவும் நோய் அது. ஆடு மெலியும், ரத்தம் வெளுக்கும், மந்தையே அழிந்துவிடும். இன்றும் நாங்கள் ஓயாமல் பார்க்கிற நோய். டாம் ஸ்டோரி என்ற தேர்ந்த மேய்ப்பரை அமர்த்தி, புதிதாக வந்த மருந்தைக் கொடுத்து அந்த மந்தையைத் தேற்றினார்கள். ஆட்டு மருந்து பற்றி முயல் கதை எழுதியவருக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். சந்தையில் கிடாயைப் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி எடைபோடும் ஆள் அவர்.

அவர் வளர்த்தவை ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறத்துக்கு வரும். முகம் மட்டும் வெள்ளை. வேலியே இல்லாத மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து குட்டி பழகிக்கொள்ளும். அதனால் மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால், வேறு ஆடு வாங்கி விட்டு ஈடுசெய்ய முடியாது. பாட்டர் இதைப் புரிந்துகொண்டவர். நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கையையும் பழைய இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்தபோது, மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தை தொடர வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்தே எழுதினார். ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்தின் அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதவி ஏற்கும் முன் 1943 டிசம்பரில் இறந்துவிட்டார்.

நிலாஅம்மா:

மனசு நிறைந்துவிட்டது. அப்படியானால் அவரை எதுவுமே தடுக்கவில்லை என்று மகளிடம் சொல்லலாமா?

பழையபுத்தகம்:

அப்படிச் சொல்லாதீர்கள். தடுத்தது கல்யாணம் இல்லை, அவ்வளவுதான். புத்தகம் எழுதும் முன்பு பல வருடம் காளான்களை ஆராய்ந்தவர் அவர். வித்துகள் முளைப்பதை வீட்டில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். அந்தக் கட்டுரை 1897 ஏப்ரலில் லண்டனில் லினியன் சங்கம் என்ற உயிரியல் அறிஞர் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தது, ஆனால் பெண் என்பதால் அவருக்கு அங்கே நுழைய அனுமதி இல்லை. வேறொருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. பிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், அது அச்சேறவே இல்லை. நூறு வருடம் கழித்துச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. அவர் வரைந்த காளான் படங்கள் 1967இல் ஒரு காளான் கையேட்டில் வந்தன. மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மலைமேய்ச்சல்:

இதை நானும் வழிமொழிகிறேன். பண்ணையை மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் 1908இல் வந்த ஜெமைமா வாத்துக் கதையை அடுத்து எடுங்கள். அதில் வரும் தோட்டமும் வாசலும் ஹில் டாப்தான். வாத்துக்கு உணவு போடும் பெண் பண்ணையைக் கவனித்துக்கொண்ட கேனனின் மனைவி, கெப் என்ற நாய் பாட்டர் வளர்த்த நாய்.