பாலம் ஏறினால் சைக்கிள் மோட்டார் நின்றுபோகிறது

அப்பாவின் பழைய 22 இன்ச் சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட்டைப் போன மாதம் நானே மாட்டினேன். பின் ஃபோர்க்கைக் கொஞ்சம் விரித்துத்தான் அச்சு நுழைந்தது. சமதரையில் அருமையாக ஓடுகிறது. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும்போது ஆற்றுப் பாலம் ஏறினால் மட்டும் இரண்டு உதறு உதறிவிட்டு நின்றுவிடுகிறது. (நம் பக்கம் மேடு என்றாலே பாலம்தான், இந்த வழியிலோ ஐந்து ஆறுகள்!) சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

பேட்டரி 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர். முழு சார்ஜில் மீட்டர் 41.5 வோல்ட் காட்டுகிறது. பாலத்தில் 31-க்கு இறங்கியதும் கட். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் வயரைக் கழற்றிப் பார்த்தேன், மோட்டார் சுழலும் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் கனெக்டரைத் துடைத்தேன், பேட்டரி வயரையும் தடிமனாக மாற்றினேன். ம்ஹூம். கடைக்காரர் "பெடலை மிதிங்க சார்" என்கிறார்.

நான் மாற்ற வேண்டியது பேட்டரியையா, கன்ட்ரோலரையா?