முகப்பு விளக்கு மங்கிவிட்டது: வீட்டிலேயே தெளிவாக்க வழி உண்டா?

கண்டனூர்க்காரன்: எங்கள் காரின் முகப்பு விளக்குகள் இரண்டும் மஞ்சளித்து மங்கிக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை இரவு திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை விமான நிலையம் சென்று அப்பச்சியை அழைத்து வர வேண்டும். பற்பசை தேய்த்தும் பயனில்லை. வேறு வழி இருந்தால் உடனே சொல்லவும்.

பள்ளத்தூர் ஓட்டுநர்: எந்த வண்டி, எந்த ஆண்டு, மங்கல் வெளியிலா உள்ளேயா என்று எதுவுமே சொல்லவில்லையே, தம்பி? விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஈரத்திலும் மாறவில்லையென்றால் உள்ளே நீராவியோ அழுக்கோ படிந்திருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

தேவகோட்டை ரசனை: ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எப்படிப் பளபளக்கிறதோ, அப்படித்தான் இதுவும். எங்கள் வண்டிக்கு நான் எப்போதும் அதையே செய்கிறேன்.

புதுவயல் எலக்ட்ரீசியன்: முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அதன் கண்ணாடி கறுத்திருந்தாலோ, எர்த் ஒயர் முனையில் துரு ஏறியிருந்தாலோ வெளிச்சம் குறையத்தான் செய்யும். பாதிப் பேர் இதைப் பார்க்காமல் விளக்கின் முகத்தையே குறை சொல்கிறார்கள்.

காரைக்குடி மூத்தவர்: இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. விளக்கின் முகம் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காதிருக்க அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு பூசித்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். பல ஆண்டு வெயிலில் அந்தப் பூச்சு சிதைந்து உரிவதைத்தான் நீங்கள் மஞ்சள் என்கிறீர்கள். எண்ணெய் நுண்கீறல்களை நிரப்பிச் சில நாள் ஏமாற்றும். போதாக்குறைக்குத் தெருப்புழுதியையும் இழுத்துக்கொள்ளும். பற்பசை மேலாகக் கொஞ்சம் தேய்க்குமே தவிர, கெட்ட பூச்சை முழுதாக அகற்றாது.

கண்டனூர்க்காரன்: 2012ஆம் ஆண்டு வண்டி. வீட்டுக்குள் ஏற்ற வழியில்லாததால் மேற்கு பார்த்துத் தெருவிலேயே நிற்கிறது. தண்ணீர் ஊற்றியதில் இடப்பக்கம் நன்றாகத் தெளிந்தது, வலப்பக்கம் பாதிதான். கொசு விரட்டும் திரவம் அடித்தால் உடனே பளிச்சென்று ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பள்ளத்தூர் ஓட்டுநர்: வேண்டவே வேண்டாம். அதிலுள்ள டீட் என்னும் பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து மெழுகிவிடுவதால்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. பிறகு முன்னைவிட மோசமாக மங்கும். தின்னரும் பெட்ரோலும் இன்னும் கேடு, மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிடும்.

பெயிண்ட் கடையில் 1000, 1500, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்குங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, பானட்டிலும் பம்பரிலும் பெயிண்ட் கீறாதபடி விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சில சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீர் விட்டுக்கொண்டே 1000 எண் தாளால் கிடைவாக்கில் தேயுங்கள். முதலில் மஞ்சளாக வழியும் நீர் பிறகு பால்போல் வெளுக்கும். பரப்பு முழுவதும் ஒரே சீராக மங்கும்வரை நிறுத்தக் கூடாது. இங்கே அவசரப்பட்டால் பழைய பூச்சு திட்டுத்திட்டாக நின்று, கடைசியில் பல்லிளிக்கும். ஒவ்வொரு எண் மாறும்போதும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல்கள் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுங்கள்.

கோட்டையூர் அம்பாசடர்: அம்பாசடரில் இந்தத் தொல்லையே கிடையாது. கண்ணாடி விளக்கு, எத்தனை வெயிலானாலும் மஞ்சளிக்காது. பிளாஸ்டிக் வந்த பிறகுதான் இந்தப் பாடெல்லாம்.

காரைக்குடி மூத்தவர்: கல் பட்டால் அந்தக் கண்ணாடி என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள், ஐயா. பாலிகார்பனேட்டை 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். எடை குறைவு, எளிதில் உடையாது, வேண்டிய வடிவில் வார்க்கலாம் என்பதால்தான் அது விளக்குக்கு வந்தது.

கோட்டையூர் அம்பாசடர்: உடைந்தால் புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்வோம். வருடந்தோறும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

பள்ளத்தூர் ஓட்டுநர்: வருடந்தோறும் தேய்ப்பவர்கள், தேய்த்த பின் கிளியர் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சு அடிக்காதவர்கள், அண்ணே. கேட்டவர் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும், அதைப் பார்ப்போம்.

கண்டனூர்க்காரன்: தேய்த்தாயிற்று. இடப்பக்கம் புதிதுபோல் இருக்கிறது. வலப்பக்கத்தில் உள்ளே ஈரம் தெரிகிறது. கிளியர் இன்னும் அடிக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

புதுவயல் எலக்ட்ரீசியன்: வலப்பக்கம் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காற்றுத் துளை அடைபட்டிருந்தால் சுத்தம் செய்யுங்கள். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம். எர்த் ஒயரைப் பார்த்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

பள்ளத்தூர் ஓட்டுநர்: கிளியரைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பூச்சை முழுதும் எடுத்துவிட்டீர்கள். இப்போது விளக்குக்குக் காப்பு எதுவும் இல்லை. மேற்கு வெயிலில் நின்றால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு, புற ஊதாக் காப்புள்ள கிளியரை நிழலில் மெல்லிய படலங்களாக அடியுங்கள். ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவம் கலக்கும் வகையாக இருந்தால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி முகமூடி போதாது, டிங்கரிங் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வதே நல்லது.